ஒற்றை இறக்கையும் ஒரு வாளிக் கறியும்

நம் வயதுக்காரர்களில் கௌதாரிக் கறி தின்னாதவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பிறந்தவர்கள் யாரும் தூக்க மாட்டீர்கள். சைவம் என்று சொல்லிக்கொள்கிற ஒன்றிரண்டு பேர் தூக்குவீர்கள். அவர்களில் ஒருவர் எங்கள் வீட்டில் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.

இன்றைக்குக் கௌதாரியைத் தொட்டால் ஜெயில். அது சரி என்று நினைக்கிற கட்சி நான். ஆனால் சட்டம் வந்து கதவை முழுசாகச் சாத்துவதற்கு முன்னால், பாதி திறந்தும் பாதி மூடியும் கிடந்த சில வருடங்கள் உண்டு. எழுபதுகளின் நடுப்பகுதி. நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு, திருச்சுழி பஸ்ஸுக்குக் கை காட்டி நிறுத்திவிட்டு ஓடி ஒளிந்த காலம். அப்போது வந்த ஒரு மாசி மாதத்தைப் பற்றிச் சொல்கிறேன். அந்த மாசியில் என் சித்தப்பாவின் கல்யாணம் ஒரு வாளிக் கறியில் போய் மாட்டிக்கொண்டது.

எங்கள் வீட்டில் லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. கம்பும் சோளமும் அறுத்து முடிந்த தை மாதத்தில் அப்பாவும் சித்தப்பாவும் அதை எடுப்பார்கள். அறுப்புத் தாளுக்குள் சிந்திய மணியைப் பொறுக்கக் கௌதாரிகள் வேலிக்கருவையை விட்டு வெளியே வரும் காலம் அது. சுடுவது ஆண்கள் வேலை. சுத்தம் செய்வது அம்மா வேலை. இதிலே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எல்லாமே இதில்தான் இருந்தது.

பறவை முழுசாக வீட்டுக்கு வர வேண்டும். காட்டிலேயே உரிக்கக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே முற்றத்தில் உட்கார்ந்து, மடியில் தானியம் புடைக்கிற சொளகை வைத்துக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் அம்மா இறகு பிடுங்குவாள். தலையை எடுக்க மாட்டாள். ஒரு பக்கத்து இறக்கையைத் தொட மாட்டாள். மீதி உடம்பைப் பனையோலைத் தீயில் வாட்டி மஞ்சள் தடவும்போது கிளம்பும் வாசனையை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. பங்கு கொடுக்க வேண்டிய வீடுகளுக்கு அந்த ஒற்றை இறக்கையோடுதான் பறவை போகும். வாங்குகிறவர்கள் இறக்கையை விரித்துப் பார்த்து, வரி வரியாக இருக்கும் பழுப்பு நிறத்தைக் கண்டு தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போவார்கள். காரணம் இருந்தது. டவுனில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கிளப்புக் கடையில் காடை வறுவல் என்று கொக்கைப் போடுகிறார்கள் என்று பேச்சு. அங்கே ஆசையாகத் தின்றுவிட்டு வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பல வருடம் கொக்கு என்றே கூப்பிட்டோம்.

அந்த இறக்கை அப்புறமும் வீணாகாது. காயவைத்துத் திருகையில் ஒட்டிய மாவைக் கூட்ட வைத்துக்கொள்வோம். சின்ன இறகுகள் அப்பாவுக்குக் காது குடைய. கறியில் பல்லில் அகப்படும் ஈய ரவைகள் எனக்கு. தீப்பெட்டியில் போட்டுக் குலுக்கினால் மழை பெய்கிற மாதிரி சத்தம் வரும். எங்கள் ஊரில் மழைச் சத்தம் கேட்க வேறு வழி அதிகம் கிடையாது.

வீரசோழனிலிருந்து கொத்தமல்லி வாங்க வரும் பாய் மட்டும் அம்மாவைச் சுத்தம் செய்ய விட மாட்டார். அவருக்குக் கண்ணி வைத்துப் பிடித்த உயிர்க் கௌதாரிதான் வேண்டும். அவரே ஓதி அறுத்து, மணலில் ரத்தத்தை வடியவிட்டு, காலால் மண் தள்ளி மூடுவார்.

"திங்கப் போறவன் கண்ணு முன்னாடி நடக்கணும்மா. அம்புட்டுத்தேன்" என்பார் அம்மாவிடம்.

"எங்க வீட்லயும் அதேதேன் பாய்" என்பாள் அம்மா. இரண்டு பேருக்கும் அதில் ஏக ஒற்றுமை.

இனி முக்கியமான விஷயம். அம்மா கடைசியாகத்தான் வயிற்றைக் கீறுவாள். உடைந்த அரிவாளில் செய்த சின்னக் கத்தி ஒன்று அதற்கென்றே இருந்தது. கீறி, இரண்டு விரலால் விரித்து, உள்ளே பார்ப்பாள். நாங்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்போம். உள்ளே மஞ்சள் கரு கொத்தாகக் கட்டியிருந்தால், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "துப்பாக்கிய மாட்டுங்க" என்பாள். அதோடு அந்த வருடத்து வேட்டை முடிந்தது. முட்டையிடப் போகும் பறவைகளைத் தொடக் கூடாது. துப்பாக்கி ஆணிக்கு ஏறினால் அடுத்த தை வரைக்கும் இறங்காது. வேறு எந்த விஷயத்திலும் அம்மா பேச்சைக் கேட்காத அப்பா, இந்த ஒன்றில் மறு வார்த்தை பேச மாட்டார்.

அந்த வருடம் ஊருக்குப் புதுச் சட்டம் வந்தது. பாரஸ்ட் கார்டு ஒருவர் சைக்கிளில் வந்து டீக்கடையில் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்.

"மயிலத் தொட்டா நேரா உள்ளதேன். கௌதாரிக்குப் பர்மிட்டு வாங்கணும். பங்குனி பொறந்துட்டா அதுவுங் கெடையாது, குஞ்சு பொரிக்கிற காலம். இன்னொண்ணு, காட்டுலயே உரிச்சுக் கொண்டு வராதீக. உரிச்சுட்டா மயில்குஞ்சும் கௌதாரியும் எனக்கு ஒண்ணுதேன். றெக்கை தெரியணும்."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க வீட்டுக்காரி இந்தச் சட்டத்த எப்பவோ போட்டுட்டா" என்று எல்லாருக்கும் டீ சொன்னார். அம்மாவைப் பற்றி அவர் வெளியில் பெருமையாகப் பேசி நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ரொம்ப இளையவர். எங்கள் வீட்டிலேயே இருந்தார். வேலையில் வேகம், பேச்சில் வேகம், சைக்கிளில் வேகம். இறகு பிடுங்கிக்கொண்டிருப்பது அவருக்குப் பொறுக்காது. நெஞ்சுப் பக்கம் ஒரு கீறல் போட்டு, இறகோடு தோலையும் சேர்த்துச் சட்டையைக் கழற்றுவது போல ஒரே இழுப்பில் உரித்துக் காட்டுவார். கூட்டாளிகள் கைதட்டுவார்கள்.

"தோலுரிச்சா கறி சுள்ளியாப் போகும் தம்பி. என்ன பறவைன்னும் தெரியாது" என்பாள் அம்மா.

"என்ன பறவைன்னு எனக்குத் தெரியும்ல மதினி?"

"திங்கிறவுகளுக்கு?"

சித்தப்பா சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பரளச்சிப் பக்கம், ஊர்த் தலையாரியின் மகள். ஊரில் என்ன நடந்தாலும் சர்க்காருக்குச் சொல்ல வேண்டிய உத்தியோகம் என்பதால் தலையாரி அதிகம் பேசாத மனிதர். கேட்டுக்கொண்டே இருப்பார். பெண்ணும் பிடித்துப் போய், எல்லாம் பேசி முடித்து, மிச்சம் இருந்தது கை நனைப்புதான். நம் பக்கத்து வழக்கம் தெரியும் உங்களுக்கு. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அதுவரைக்கும் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொட மாட்டார்கள். கை நனைக்காமல் எழுந்துவிட்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதற்கப்புறம் அந்த மாப்பிள்ளையைப் பற்றி நாலு ஊரில் நாலு விதமாகப் பேச்சு கிளம்பும்.

அப்பா வாய் சும்மா இராமல், "எங்க வீட்டுக் கௌதாரிக் குழம்பு மாதிரி நீங்க எங்கயும் தின்னுருக்க மாட்டீக" என்று தலையாரியிடம் சொல்லி வைத்துவிட்டார். சனிக்கிழமை விருந்து என்று ஆனது.

நடுவில், மாசி என்றும் பார்க்காமல் ஒரு மழை பெய்தது. நல்ல மழை. கரிசல் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. நாங்கள் ஆடிப் பாடினோம். அந்த மழை யார் யார் வயிற்றில் என்ன செய்யும் என்று எங்களுக்கு எங்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சித்தப்பா தனியாகத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பரளச்சிச் சாலைப் பக்கம் போனார். பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பினார். கையில் தூக்குவாளி. ஆமணக்கு இலை போட்டு மூடியிருந்தது. அம்மா சொளகோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். இலையை விலக்கினாள். உள்ளே துண்டு போட்ட கறி. தோல் இல்லை. தலை இல்லை. கால் இல்லை. இறக்கை இல்லை.

"குடலு எங்க தம்பி?"

"எறும்பு மொய்ச்சுருச்சு மதினி. நேரமாச்சேன்னு அங்கனயே உரிச்சுக் கழுவிட்டேன். கௌதாரிதேன். சத்தியமா மயிலு இல்ல."

"மயிலுன்னு நான் சொன்னனா?"

அம்மா இலையைப் போட்டு மூடினாள். வாளியைச் சித்தப்பா பக்கம் தள்ளினாள். சொளகைத் தட்டிச் சுவரில் மாட்டிவிட்டு, "இத நான் அடுப்புல ஏத்த மாட்டேன்" என்றாள்.

அப்பா குதித்தார். "எந் தம்பி சத்தியம் பண்ணியும் நம்ப மாட்டியா? நாளைக்கு ஆளுக வந்து எலையில உக்காந்தா நான் எங்கிட்டுப் போயி மூஞ்சிய வச்சுக்கிறது?"

"வயித்த நான் பாக்கல."

"வயித்துல என்ன இருந்தா என்ன? கார்டு பங்குனியிலதான நிறுத்தச் சொன்னாரு? இது மாசி. பர்மிட்டு இருக்கு. சட்டமே சரின்னு சொல்லுது!"

"சட்டம் வயித்துக்குள்ள பாத்துச்சா?"

வாதத்தில் தோற்கும்போது மனுஷர்கள் எடுக்கும் ஆயுதத்தை அப்பாவும் எடுத்தார். "எனக்குத் தெரியாதாடி? ஒந் தங்கச்சிய இவனுக்கு எடுக்கலன்னு வயித்தெரிச்சல். இந்தச் சம்பந்தத்தக் கலைக்கத்தான் இம்புட்டும் பண்ற."

அம்மா அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் தங்கைக்கு ஒரு காலத்தில் சித்தப்பாவைப் பேசியது உண்மை. அதனால் அப்பா சொன்னதை ஊரே நம்பியிருக்கும். நானும் நம்பினேன். கல்யாணத்துக்கு எடுத்துத் தருவதாகச் சொன்ன பட்டுப் பாவாடை அம்மாவால் போகப் போகிறது என்று அவள் பக்கம் திரும்பாமல் படுத்துக்கொண்டேன். அத்தனை பேரும் அவளைத் தவறாக நினைத்திருந்த வீட்டில், அவள் எழுந்து மறுநாள் விருந்துக்கு மொச்சைப் பயறு ஊறப் போட்டாள்.

சித்தப்பா மட்டும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அப்போது புரியாமல் இருந்தது. வாளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடிந்து பார்த்தபோது வாளி கழுவிக் கவிழ்த்திருந்தது. கறியைக் காணோம். வாசலில் மண் ஒட்டிய மண்வெட்டி கிடந்தது.

மத்தியானம் பஸ்ஸில் தலையாரியும் அவர் வீட்டுப் பெரியவர்களும் வந்து இறங்கினார்கள். அப்பா எதிரே ஓடிப் போய்க் கும்பிட்டு அழைத்து வந்தார். இலை போட்டாயிற்று. சேவல் குழம்பு, கத்திரிக்காயும் மொச்சையும், உருளைக்கிழங்கு, அப்பளம். எங்கள் சக்திக்கு அது பெரிய விருந்துதான். தலையாரி இலையைப் பார்த்தார். சோற்றின் பக்கம் கை போகவில்லை.

"கௌதாரின்னீகளே?" என்றார் மெதுவாக.

அப்பா சிரித்தார். "என்னத்தச் சொல்ல மச்சான். இந்த வருசம் கௌதாரியே இல்ல. காடு பூராத் தேடியாச்சு, ஒண்ணு கெடைக்கல."

"அப்படியா? நேத்துப் பொழுது சாயிற நேரத்துல எங்க ஊரு எல்லையில வெடிச் சத்தம் கேட்டுச்சு. சைக்கிளு நின்னதையும் பாத்தாக. மாப்பிள்ளையோட சைக்கிளுன்னு சொன்னாக."

தலையாரி தன் வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். அடுப்படி வாசலில் அம்மா கரண்டியோடு நின்றவள் நின்றபடி இருந்தாள்.

சித்தப்பா பரிமாறிக்கொண்டிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

"கெடச்சுச்சு மாமா" என்றார். "அண்ணன் என்னயக் காப்பாத்தச் சொல்றாரு. மொதப் பறவையக் காட்டுல வச்சே கீறிப் பாத்தேன். மழை பேஞ்சதுல மாசியிலயே மஞ்சக் கரு கொத்தாக் கட்டியிருந்துச்சு. ஓடு கட்டாத தோல்முட்ட ஒண்ணு. அதோட நிறுத்தியிருக்கணும். அதுதேன் எங்க வீட்டு வழக்கம். ஆனா விருந்துக்கு ஒண்ணு போதாதேன்னு மேல சுட்டேன். எல்லாத்துக்கும் அப்படித்தேன் இருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டு வந்தா மதினி பாத்துருவாகன்னு அங்கனயே உரிச்சு, குடல, தலைய எல்லாம் எறிஞ்சுட்டேன். மதினி அடுப்புல ஏத்த மாட்டேன்னுட்டாக. விடியுறதுக்கு முன்னாடியே போயி, எறிஞ்சது கெடந்த எடத்துலயே குழி தோண்டிக் கறியயும் பொதைச்சுட்டு வந்தேன்."

சித்தப்பா வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

தலையாரி அடுப்படிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். "நீ மாட்டேன்னு சொன்னப்ப, முட்ட இருந்தது ஒனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது. பாக்க விடலங்கிறதுதேன் தெரியும்" என்றாள் அம்மா.

தலையாரி அப்பா பக்கம் திரும்பினார். "பொய் சொன்னது மூத்தவரு. நெசத்தச் சொன்னது இளையவரு. நல்லவேளை, எம் பொண்ண நான் இளையவருக்குத்தான் குடுக்கேன்."

சொல்லிவிட்டு இலைப் பக்கம் குனிந்தார். குழம்பைத் தானே இழுத்து ஊற்றி, சோற்றில் கை வைத்துப் பிசைந்தார். அவர் கை நனைந்ததைப் பார்த்ததும் வரிசையில் இருந்த எல்லாக் கைகளும் சோற்றுக்குப் போயின. முதலில் ஒரு கிழவர் சிரித்தார், அப்புறம் பந்தியே சிரித்தது. அப்பா மட்டும் முகம் சிவந்து நின்றார். ஆனால் அவரும் எவ்வளவு நேரம்தான் நிற்பார்? "சம்மந்தி, கறியப் போட்டுச் சாப்புடுங்க" என்று சேவல் குழம்போடு குனிந்தார். அடுத்த நிமிடம் அம்மா கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, "நீ போயி செத்த உக்காரு" என்றார். மன்னிப்புக் கேட்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி அது. அம்மாவுக்கும் அது போதுமாயிருந்தது. எனக்குப் போதவில்லை என்று இன்றைக்குச் சொல்லுவேன், ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

வைகாசியில் கல்யாணம். பட்டுப் பாவாடை கிடைத்தது. ரெண்டே துவைப்பில் சாயம் போனது வேறு கதை.

மறு தை வந்தது. புதுச் சித்தி எங்கள் வீட்டில். மாசி தொடங்கியும் கௌதாரி வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அம்மாவுக்கு உள்ளங்கையில் கருவேல முள் ஏறி வீங்கிவிட்டது. கத்தி சித்தி கைக்குப் போனது. சித்தப்பா பறவைகளை முழுசாக, தலை, கால், இறக்கை எல்லாம் இருக்கச் சொளகில் வைத்துவிட்டு, பரீட்சை முடிவு பார்க்க வந்த பையன் மாதிரி எதிரே குந்தினார். சித்தி அவசரப்படவில்லை. ஒரு இறக்கையை விட்டு மீதியைப் பிடுங்கினாள். வாட்டினாள். கீறினாள். விரித்துப் பார்த்தாள்.

"முட்ட இல்லக்கா."

"அப்ப நாளைக்கும் போகலாம்" என்று அப்பா தோளில் துண்டைப் போட்டார்.

சித்தி சொளகைக் கீழே இறக்கவில்லை. "வருசா வருசம் எப்ப நிறுத்துவீக அக்கா?"

"முட்டயக் கண்ட அன்னிக்கி."

"முட்டயக் காங்கணும்னா, முட்டக்காரி ஒருத்தி செத்துருக்கணுமே அக்கா."

அம்மா சித்தியையே பார்த்தாள். அத்தனை வருடம் அத்தனை வயிற்றைத் திறந்து பார்த்தவள். அவள் வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"இம்புட்டு நாளா இது எனக்குத் தோணவே இல்லையே" என்றாள். அதில் வெட்கம் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. காணாமல் போன பொருள் கையில் அகப்பட்ட மாதிரி சிரித்தாள்.

"காங்கிறதுக்கு முன்னாடியே துப்பாக்கிய மாட்டிருவமா?" என்று கேட்டாள் சித்தி.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கார்டு சொன்ன மாதத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார். அதற்குள் சித்தப்பா எழுந்து போயிருந்தார். உள்ளே துப்பாக்கி ஆணியில் ஏறும் சத்தம் கேட்டது. முட்டையைக் காணாமலே அது முதல் தடவையாக ஏறியது அந்த வருடம்தான். பின்னால் சட்டம் முழுசாக இறுகி, துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டி வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை.

அந்தச் சித்திரையில் ஒரு காலை நாங்கள் எல்லாரும் மிளகாய்ப் பழம் பறிக்கப் போயிருந்தோம். வரப்பைக் குறுக்கே கடந்து ஒரு கௌதாரி ஓடியது. பின்னாலேயே குஞ்சுகள், மண்ணாங்கட்டிக்குக் கால் முளைத்த மாதிரி, தடுக்கி விழுந்து எழுந்து ஓடின. சித்தப்பா பறித்த பழத்தைக் கூடையில் போடாமல் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார்.

"எண்ணாதீக" என்றாள் சித்தி, அவர் விரலைப் பிடித்து மடக்கி. "கண்ணு பட்டுரும்."